நான்கு ஹார்ட் டிஸ்க், ஒரு எஸ்எஸ்டி: கல்யாண வீடியோக்களை எங்கே, எப்படி வைப்பது?

கேள்வி: கடலூர் திருப்பாப்புலியூரில் சின்னதாக ஒரு கல்யாண வீடியோ ஸ்டூடியோ நடத்துகிறேன். வீட்டில் பழைய டெஸ்க்டாப் ஒன்றில் லினக்ஸ் போட்டு சர்வராக ஓட்டுகிறேன். ரேம் 16 ஜிபி. சிஸ்டம் தனியாக ஒரு 120 ஜிபி எஸ்எஸ்டியில் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் நான்கு: 8 டிபி ஒன்று, 4 டிபி இரண்டு, பழைய 2 டிபி ஒன்று. எந்தக் கல்யாணம் எந்த டிஸ்க்கில் என்று தேடியே பொழுது போகிறது. நான்கையும் ஒன்றாக்கி 18 டிபியாக வைத்து, கையிலிருக்கும் 500 ஜிபி என்விஎம்இ (மிக வேகமான ரகம்) எஸ்எஸ்டியை, அடிக்கடி தேவைப்படுவதை எடுத்து வைக்கும் கேஷாகப் போட்டால் எடிட்டிங் வேகமாகுமா? எல்விஎம்மில் (பல டிஸ்க்கை ஒன்றாக்கும் லினக்ஸ் வசதி) இணைத்துவிடு என்று நண்பர் ஒருவர் சொல்கிறார்.

பதில்:

தம்பி, நண்பர் சொன்னதை மட்டும் செய்துவிடாதீர்கள். எல்விஎம்மில் நான்கையும் நீட்டி ஒரே வால்யூமாக்கினால், அதன் மேல் ஒரே ஒரு ஃபைல் சிஸ்டம்தான் உட்காரும். எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற அதன் கணக்கு நான்கு டிஸ்க்கிலும் சிதறிக் கிடக்கும். நாளைக்கு அந்தப் பழைய 2 டிபி மூச்சை விட்டால், நல்ல நிலையில் இருக்கும் மற்ற மூன்று டிஸ்க்கையும் சேர்த்தே இழக்க நேரிடும். மீட்பு மென்பொருள் வைத்துத் தோண்டினால் துண்டு துண்டாக ஏதாவது கிடைக்கும். ஒரு கல்யாணம் முழுதாகக் கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஒவ்வொரு ஃபைலையும் துண்டாக்கி எல்லா டிஸ்க்கிலும் பரப்பும் ரெய்டு 0 இன்னும் மோசம்.

உங்கள் வேலைக்குப் பொருத்தமானது மெர்ஜர்எஃப்எஸ். அது டிஸ்க்குகளை ஒட்டுவதில்லை. ஒவ்வொரு டிஸ்க்கிலும் அதற்கென்று தனி ஃபைல் சிஸ்டம் அப்படியே இருக்கும். நான்கையும் சேர்த்து ஒரே ஃபோல்டராகக் காட்டுவது மட்டும்தான் அதன் வேலை. ஒரு ஃபைல் முழுதாக ஏதாவது ஒரே டிஸ்க்கில்தான் இருக்கும். ஒரு டிஸ்க் போனால் அதிலிருந்தது மட்டும் போகும். எந்த டிஸ்க்கையும் கழற்றி வேறொரு லினக்ஸ் கம்ப்யூட்டரில் செருகினால் நேராகத் திறந்து படிக்கலாம். நள்ளிரவில் மதர்போர்டு செத்து, காலையில் பெண் வீட்டார் பென்டிரைவோடு வந்து நிற்கும்போது இந்த ஒரு குணத்தின் அருமை புரியும்.

அதை அமைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். புது ஃபைல் எந்த டிஸ்க்குக்குப் போக வேண்டும் என்பதற்கு மெர்ஜர்எஃப்எஸ்ஸில் பாலிசி என்று ஒன்று உண்டு. 'அதிக இடம் காலியாக உள்ள டிஸ்க்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், ஒரே கல்யாணத்தின் நலங்கு ஒரு டிஸ்க்கிலும் முகூர்த்தம் இன்னொன்றிலும் ரிசப்ஷன் மூன்றாவதிலும் போய்ச் சேரும். அப்புறம் எந்த டிஸ்க் போனாலும் எல்லாக் கல்யாணத்திலும் ஓட்டை விழும். நான் உங்களுக்குச் சொல்வது ஈபிஎம்எஃப்எஸ் என்ற பாலிசி. ஃபோல்டர் ஏற்கெனவே இருக்கும் டிஸ்க்குகளை மட்டும் பார்த்து, அவற்றில் இடம் அதிகமுள்ளதில் எழுதும். எல்லா டேட்டா டிஸ்க்கிலும் 'கல்யாணம்' என்று ஒரு ஃபோல்டரை முதலில் கையாலேயே உருவாக்கி வைத்துவிடுங்கள். அதற்குள் புதிதாக ஒரு கல்யாணத்துக்கு ஃபோல்டர் போட்டால், இடமுள்ள ஒரு டிஸ்க்கில் அது உருவாகும். அதன்பின் அந்தக் கல்யாணத்தின் ஃபுட்டேஜ் முழுக்க அதே டிஸ்க்கில் போய்ச் சேரும்.

இந்தப் பாலிசியில் ஒரு தொல்லையும் இருக்கிறது. அந்த ஒரு டிஸ்க் நிரம்பிவிட்டால், பூலில், அதாவது நான்கையும் சேர்த்துக் காட்டும் அந்த ஒரே ஃபோல்டரில், இன்னும் 5 டிபி காலி என்று காட்டிக்கொண்டே 'இடமில்லை' என்று நின்றுவிடும். அதற்குத்தான் குறைந்தபட்சக் காலியிடம் என்ற அமைப்பு. தொடக்கத்தில் அது 4 ஜிபிதான் இருக்கும். ஒரு கேமரா கார்டுக்கே அது காணாது. 300 ஜிபி என்று வையுங்கள். அதற்குக் கீழே இறங்கிய டிஸ்க்கில் புதுக் கல்யாணம் தொடங்காது, ஏற்கெனவே தொடங்கியதன் புது ஃபைலும் ஏறாது. அதனால் ஒரு கல்யாணத்தை முதல் நாளிலேயே மொத்தமாக இறக்கிவிடுவது நல்லது.

இன்னொன்று, கட்டாயம் செய்ய வேண்டியது. டிஸ்க் மவுன்ட் ஆகும் இடம், அதாவது லினக்ஸில் டிஸ்க் வந்து இணையும் இடம், வெறும் ஃபோல்டர்தான். ஒருநாள் டிஸ்க் மவுன்ட் ஆகாமல் சர்வர் எழுந்துவிட்டால், ஃபுட்டேஜ் அந்த வெறும் ஃபோல்டருக்குள், அதாவது உங்கள் 120 ஜிபி சிஸ்டம் எஸ்எஸ்டிக்குள் போய்க் கொட்டும். டிஸ்க்கை மவுன்ட் செய்யும் முன் அந்த வெறும் ஃபோல்டருக்கு 'சாட்டர்' கமாண்டில் மாற்ற முடியாத பூட்டு ஒன்றைப் போட்டுவிடுங்கள். டிஸ்க் வராவிட்டால் எழுதுவது அங்கேயே தோற்கும். உடனே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்து பாதுகாப்பு. மெர்ஜர்எஃப்எஸ் எதையும் காப்பாற்றாது, காட்டுவதோடு சரி. அதனோடு, போன டிஸ்க்கை மீட்க உதவும் பாரிட்டி என்ற கணக்கைத் தனி டிஸ்க்கில் எழுதி வைக்கும் ஸ்நாப்ரெய்டு மென்பொருளைச் சேர்க்க வேண்டும். பாரிட்டி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு: மூன்று டிஸ்க்கில் ஒரே இடத்தில் 5, 7, 9 என்று இருக்கிறது. கூட்டுத்தொகை 21 நான்காவது டிஸ்க்கில். 7 இருந்த டிஸ்க் போய்விட்டால், 21இலிருந்து 5ஐயும் 9ஐயும் கழித்தால் 7 திரும்பி வந்துவிடும். உள்ளே நடப்பது கூட்டல் இல்லை, பிட்டுகளின் கணக்கு. ஆனால் தத்துவம் இதுதான். அதனால்தான் பாரிட்டி டிஸ்க், டேட்டா டிஸ்க்குகளில் பெரியதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. உங்களிடம் 8 டிபிதான் பாரிட்டி ஆக வேண்டும். டேட்டாவுக்கு மிஞ்சுவது 4, 4, 2 ஆக மொத்தம் 10 டிபி.

18 எதிர்பார்த்தவருக்கு 10 என்றால் வயிறு எரியும், தெரியும். ஆனால் இதே நான்கையும் இசட்எஃப்எஸ்ஸில் ரெய்டு இசட் 1 ஆகப் போட்டால், எல்லா டிஸ்க்கையும் மிகச் சிறியதன் அளவுக்கு வெட்டிவிடும். நான்கு இரண்டு டிபியில் ஒன்று பாரிட்டிக்குப் போக 6 டிபிதான் கிடைக்கும். இசட்எஃப்எஸ் அருமையான ஃபைல் சிஸ்டம், நானும் வேறொரு சர்வரில் வைத்திருக்கிறேன், ஆனால் அது ஒரே அளவு டிஸ்க்குகளை மொத்தமாக வாங்கி அடுக்குபவர்களுக்கு ஏற்றது. அதோடு, உங்கள் பாரிட்டி டிஸ்க்கில் இப்போதைக்கு 4 டிபிதான் நிரம்பும். மீதி 4 டிபியில் தனிப் பார்ட்டிஷன் போட்டு, போனாலும் கவலையில்லாத சாமான்களை வைத்துக்கொள்ளலாம். அடுத்து இன்னொரு 8 டிபி வாங்கினால் அந்தப் பார்ட்டிஷனைக் கலைத்துப் பாரிட்டிக்கே விட்டுவிடலாம். புது டிஸ்க் அப்படியே டேட்டாவுக்கு. வாங்கும்போது மாடல் எண்ணைப் பார்த்து சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத ரகம்) தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எஸ்எம்ஆர் டிஸ்க்கில் தடங்கள் ஓட்டு வீட்டுக் கூரைபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். எழுதியதன் மேல் திரும்ப எழுதினால் தவழ ஆரம்பித்துவிடும்.

ஸ்நாப்ரெய்டு சாதாரண ரெய்டு மாதிரி நொடிக்கு நொடி காப்பாற்றாது. நீங்கள் 'சிங்க்' (பாரிட்டியைப் புதுப்பிக்கும் கமாண்ட்) ஓட்டிய கணம் வரைக்கும்தான் பாதுகாப்பு. கடைசி சிங்க்குக்குப் பிறகு இறக்கிய ஃபுட்டேஜுக்குப் பாரிட்டி கிடையாது. எழுதினால் மாறாத பெரிய வீடியோ ஃபைல்களுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். கல்யாணம் இறக்கி முடித்ததும் அன்றிரவே சிங்க். முதல் தடவை மட்டும் நேரம் எடுக்கும்: நிரம்பிய 4 டிபி டிஸ்க்கை வினாடிக்கு 150 எம்பி வேகத்தில் படித்தால் ஏழரை மணி நேரம். வாரம் ஒருமுறை 'ஸ்க்ரப்' ஓட்டுங்கள். சும்மா ஓட்டினால் ஒரு தடவைக்கு மொத்தத்தில் 8 விழுக்காட்டைச் சோதிக்கும். மூன்று மாதத்தில் ஒரு சுற்று வந்துவிடும். யாரும் தொடாத பழைய கல்யாணத்தில் ஓசையில்லாமல் கெட்டுப்போன பிட்டை அதுதான் கண்டுபிடிக்கும். சிங்க்கை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தானாக ஓட விடாதீர்கள். தவறி நூறு ஃபைல் அழிந்திருக்கும்போது சிங்க் ஓடினால், அழிந்ததே சரியான நிலை என்று பாரிட்டி எழுதிக்கொள்ளும். முதலில் 'டிஃப்' ஓட்டி, எத்தனை அழிந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.

இனி நீங்கள் ஆசையோடு கேட்ட கேஷ்.

உங்கள் வீட்டு லேன், அதாவது சர்வரையும் எடிட்டிங் சிஸ்டத்தையும் இணைக்கும் நெட்வொர்க், அநேகமாக ஒரு கிகாபிட்டாக இருக்கும். கணக்குப்படி வினாடிக்கு 125 எம்பி. கையில் கிடைப்பது 110 சொச்சம். பெரிய வீடியோ ஃபைலை வரிசையாகப் படிக்கும்போது உங்கள் 8 டிபி டிஸ்க் தனியாளாகவே அந்த வேகத்தைத் தாண்டும். அதாவது நெருக்கடி டிஸ்க்கில் இல்லை, வயரில் இருக்கிறது. சர்வரில் எஸ்எஸ்டி கேஷ் போட்டாலும் ஃபுட்டேஜ் அதே 110இல்தான் வந்து சேரும். ஒரு தடவை சோதித்துப் பாருங்கள்: சர்வரிலிருந்து 20 ஜிபி ஃபைல் ஒன்றை எடிட்டிங் சிஸ்டத்துக்கு காப்பி செய்யுங்கள். சுமார் மூன்று நிமிடத்தில் முடிந்து, வேகம் 110 பக்கத்திலேயே அசையாமல் நின்றால், கேஷுக்கு அங்கே வேலையே இல்லை.

ஹார்ட் டிஸ்க் தடுமாறுவது பெரிய ஃபைலில் இல்லை, பொடிப்பொடியான ஃபைல்களில். நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும் தட்டு ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்ட் எடுக்கும். வேண்டிய இடம் ஊசிக்கு அடியில் வர சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லி செகண்ட். ஊசி தடம் மாறும் நேரத்தையும் சேர்த்தால் வினாடிக்கு நூறு இடத்தைக்கூடத் தொட முடியாது. ஆயிரம் போட்டோவின் தம்ப்நெயில், ஆல்பம் மென்பொருளின் கேட்டலாக், டேட்டாபேஸ் எல்லாம் இழுப்பது இதனால்தான். எஸ்எஸ்டி இதே வேலையை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை செய்யும். ஆனால் அவற்றை எஸ்எஸ்டியிலேயே நேராக வைத்துவிட்டால் முடிந்தது. கேஷ் என்ற இடைத்தரகர் தேவையில்லை.

அப்படியும் சிலர், எஸ்எஸ்டியை ஹார்ட் டிஸ்க்குக்குக் கேஷாக்கும் பிகேஷ் போடச் சொல்வார்கள். லினக்ஸ் கெர்னலில் 2013இல், 3.10 பதிப்பில் வந்தது, நல்ல பொருள்தான். ஆனால் அது 4 எம்பிக்கு மேல் வரிசையாக வரும் எதையும் கேஷில் வைக்காமல் நேராக ஹார்ட் டிஸ்க்குக்கே அனுப்பிவிடும்படிதான் அமைக்கப்பட்டிருக்கிறது. உங்கள் ஃபுட்டேஜ் முழுக்க அந்த ரகம். எல்விஎம் கேஷோ பிகேஷோ, எழுதும் வேகத்துக்காக 'ரைட்பேக்' முறையில் போட்டால் ஆபத்து வேறு. எழுதியது முதலில் எஸ்எஸ்டியில் மட்டும் இருக்கும். சாவகாசமாகத்தான் ஹார்ட் டிஸ்க்குக்கு இறங்கும். அதற்குள் எஸ்எஸ்டி செத்தால் கடைசி ஃபைல் மட்டும் போகும் என்று நினைக்காதீர்கள். ஃபைல் சிஸ்டத்தின் கணக்கே பாதி அங்கும் பாதி இங்குமாக இருந்திருக்கும். எனக்கு இது நடந்திருக்கிறது. ஹார்ட் டிஸ்க் ஒரு கீறலும் இல்லாமல் நன்றாக இருந்தது. அதிலிருந்த ஃபோல்டர்கள்தான் பெயரிழந்து எண்களாகக் கிடந்தன. அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து அடுக்க இரண்டு வாரம் ஆனது.

இசட்எஃப்எஸ்ஸின் எல்2ஆர்க் பற்றியும் எங்காவது படித்திருப்பீர்கள். இசட்எஃப்எஸ்ஸின் முதல் கேஷ் ரேம்தான். அதிலிருந்து வெளியேறுவதைத்தான் எல்2ஆர்க் எஸ்எஸ்டியில் பிடித்து வைக்கிறது. அதன் அட்டவணைக்கும் ரேமே வேண்டும். 16 ஜிபி ரேம் உள்ளவர் எஸ்எஸ்டியைத் தேடுவதற்கு முன் ரேமைக் கூட்டுவதுதான் முறை.

அப்படியானால் அந்த என்விஎம்இயை என்ன செய்வது? சர்வரில் போடாமல் எடிட்டிங் சிஸ்டத்தில் போடுங்கள். நான் இவ்வளவு நீட்டி எழுதுவதில் உங்களுக்கு உடனே பலன் தரக்கூடியது இந்த ஒரு வரிதான். சர்வரில் இருந்தால் அது 110 எம்பி. எடிட்டிங் சிஸ்டத்தின் எம்.2 இடத்தில் இருந்தால், நல்ல எஸ்எஸ்டி என்றால், வினாடிக்கு 2,000 எம்பிக்கு மேல். இப்போது கையிலுள்ள கல்யாணத்தை மட்டும் அதில் வையுங்கள். ப்ராக்ஸியும் (எடிட்டிங்குக்கான சிறிய நகல்) எடிட்டிங் மென்பொருளின் கேஷும் அதிலேயே. டெலிவரி முடிந்ததும் அழித்துவிட்டு அடுத்ததை இறக்குங்கள். மூலம் எப்போதும் சர்வரில். இரண்டு எடிட்டர் ஒரே ஃபுட்டேஜில் வேலை செய்யும் நிலை வந்தால், அப்போது இரண்டு பக்கமும் 2.5 கிகாபிட் கார்டும் ஒரு ஸ்விட்சும் வாங்குங்கள். சாதாரண கேட்-5இ நெட்வொர்க் வயரே அதற்குப் போதும். அதன்பிறகுதான் சர்வரில் எஸ்எஸ்டி என்ற பேச்சுக்கே அர்த்தம் வரும்.

சிலர் எஸ்எஸ்டியைக் கேஷாக இல்லாமல் வாசல் திண்ணை மாதிரி வைப்பார்கள்: வருவது முதலில் அதில் இறங்கும், இரவில் ஒரு ஸ்கிரிப்ட் ஹார்ட் டிஸ்க்குக்கு நகர்த்தும். அன்ரெய்டு என்ற சர்வர் மென்பொருளில் 'மூவர்' என்று இருப்பது இதுதான். செய்யலாம். ஆனால் திண்ணையில் இருக்கும்வரை அதற்குப் பாரிட்டி இல்லை. இரவு இறக்கிவிட்டு, காலையில் அடுத்த முகூர்த்தத்துக்காக கார்டை ஃபார்மட் அடித்தால், தாலி கட்டிய நிமிடம் ஒரே ஒரு சில்லில் மட்டும் உயிரோடு இருக்கிறது. ஃபுட்டேஜ் ஹார்ட் டிஸ்க்கில் இறங்கி, சிங்க் முடிந்து, வெளியில் ஒரு காப்பியும் போனபிறகுதான் கார்டைத் தொடுவது என்று ஸ்டூடியோவில் சட்டமாக்குங்கள். கார்டு நாலு கூடுதலாக வாங்க வேண்டியிருந்தாலும் பரவாயில்லை.

நம் கடற்கரைக்கென்று தனியாகச் சில விஷயம் இருக்கிறது. நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறேன். கடல் நடந்துபோகிற தூரம். என் பூலில் ஒரு டிஸ்க் வாரத்துக்கு ஒருமுறை காணாமல் போகும், ரீஸ்டார்ட் செய்தால் வந்துவிடும். டிஸ்க் போய்விட்டது என்றே நினைத்தேன். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எழுதிவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் பார்த்தால், 5, 197, 198 என்ற வரிசை எண் கொண்ட மூன்றும் சுழி. 199 மட்டும் நானூற்றுச் சொச்சம். முதல் மூன்றும் டிஸ்க்கின் தட்டைப் பற்றிய எண்கள். 199 வழியில் நடக்கும் பிழை, பெரும்பாலும் கேபிள். சாட்டா கேபிளைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். பொன்னிறமாக இருக்க வேண்டிய ஏழு கம்பிப் பட்டையில் இரண்டு மங்கிக் கறுத்திருந்தன. உப்புக் காற்று. கேபிளை மாற்றினேன், எண் அதோடு நின்றது. அந்த எண் குறையாது, ஏறாமல் நின்றால் போதும். நல்ல டிஸ்க்கைத் தூக்கிப் போட்டிருப்பேன். வருடம் ஒருமுறை கேபிள்களைக் கழற்றிப் பாருங்கள். சர்வரை ஜன்னல் ஓரம் வைக்காதீர்கள்.

கரண்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் உங்கள் ஊரை என்ன செய்தது என்று வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது இங்கே ஒரே நாளில் 46 செ.மீ.க்கும் மேல் கொட்டியது. அடுத்து தென்பெண்ணை பெருகி கடலூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. சர்வர் தரையில் இருக்கக் கூடாது, முடிந்தால் தரைத்தளத்திலேயே இருக்கக் கூடாது. இன்வெர்ட்டர் இருந்தால் யுபிஎஸ் மோடில் வையுங்கள். அதற்கு மேல், யுஎஸ்பி வயர் வரும் சின்ன யுபிஎஸ் ஒன்றை சர்வருக்கு மட்டும் வாங்கி, நட் என்ற மென்பொருளோடு இணைத்துவிட்டால், பேட்டரி தீரும் முன் சர்வர் தானே ஒழுங்காக அணைந்துகொள்ளும். கேஷுக்கு என்று ஒதுக்கிய பணம் இருந்தால் முதலில் இதற்குப் போகட்டும்.

பாரிட்டி பேக்கப் ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிங்க் ஓடியபின் தெரியவரும் தவறான அழிப்பு, திருட்டு, வெள்ளம், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் எதிலிருந்தும் அது காக்காது. எங்கள் ஊர் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் சைவ ஓலைச்சுவடிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. புதுச்சேரியின் சைவச் சுவடித் தொகுப்பு 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பட்டியலில் ஏறியது. நம் பக்கத்து வெப்பத்திலும் ஈரத்திலும் ஓலை சில நூற்றாண்டுக்கு மேல் தாங்குவது அரிது. இருந்தும் அதைவிடப் பழைய நூல்கள் நமக்குக் கிடைத்ததற்குக் காரணம், ஓலை கெடுமுன் யாரோ உட்கார்ந்து புது ஓலையில் படியெடுத்ததும், ஒரே நூல் பல ஊரில் இருந்ததும்தான். நீங்களும் அதையே செய்யுங்கள். டெலிவரி ஆன இறுதி வீடியோவும், மறுபடி எடுக்க முடியாத முகூர்த்த ஃபுட்டேஜும் ஒரு வெளி டிஸ்க்கில் ஏறி, பண்ருட்டியிலோ நெய்வேலியிலோ சொந்தக்காரர் வீட்டில் இருக்கட்டும். இரண்டு டிஸ்க் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி எடுத்துப்போனால் இன்னும் நல்லது. பஸ்ஸில் ஒரு மணி நேர வேலை.

வேலையைத் தொடங்கும் வரிசை: முதலில் நான்கு டிஸ்க்குக்கும் நீண்ட ஸ்மார்ட் சோதனை. 8 டிபியைக் காலி செய்தால்தான் பாரிட்டி ஆக்க முடியும், அதிலிருப்பதை மற்ற மூன்றுக்கும் வெளி டிஸ்க்குக்கும் நகர்த்துங்கள். நகர்த்தியதைச் சரிபார்க்காமல் எதையும் அழிக்காதீர்கள். பிறகு மெர்ஜர்எஃப்எஸ், அப்புறம் ஸ்நாப்ரெய்டு, முதல் சிங்க். இதை ஆடி மாதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்தம் இருக்காது, சர்வர் இரண்டு நாள் நின்றாலும் யாரும் போன் செய்ய மாட்டார்கள், ஐப்பசி மழைக்கு முன் எல்லாம் ஓடிப் பழகியிருக்கும். அந்தப் பழைய 2 டிபியின் 5, 197, 198 எண்களை மட்டும் இப்போதே பார்த்து எழுதுங்கள். 197 சுழியாக இல்லாவிட்டால் அதைப் பூலில் சேர்க்கவே வேண்டாம். அதிலிருப்பதை இன்றிரவே வேறு இடத்துக்கு காப்பி செய்துவிடுங்கள்.